ராமநாதபுரத்து மண்ணுக்கு ஏற்ற ஜெல் எது?

மூன்று கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர், இன்னொன்றில் மண்டபம் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் கடல்நீர். விவசாயத்துக்கென்று விற்கப்படும் நீர் உறிஞ்சும் ஜெல்லில் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து மூன்றிலும் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் மழைத்தண்ணீரில் விழுந்த பொடித் துகள்கள் ஊதிப் பெருத்து, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, தம்ளரைச் சாய்த்தாலும் சிந்தாத கூழாகிவிடும். கிணற்றுத் தண்ணீரில் துகள்கள் பருக்கும், ஆனால் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். கடல்நீர்த் தம்ளரில் அடியில் ஒரு விரல்கடை கூட நிரம்பாது.

ஜெல் பொட்டலத்தின் மேல் ‘தன் எடையைப் போல் 400 மடங்கு நீரை உறிஞ்சும்’ என்று அச்சடித்திருப்பது முதல் தம்ளருக்கும் மேலான சங்கதி. அது ஆய்வகத்தில் உப்பே இல்லாத, வடித்தெடுத்த தண்ணீரில் பார்த்த கணக்கு. சோடியம் பாலிஅக்ரிலேட் போன்ற செயற்கை ஜெல் வடிநீரில் 300 மடங்குக்கு மேல் உறிஞ்சும், நூற்றுக்கு 0.9 பங்கு உப்பு கலந்த நீரில் அதுவே 30 முதல் 60 மடங்கோடு நின்றுவிடும். காரணம் எளிது. இந்த ஜெல்லின் நீண்ட இழைகளில் எதிர்மின் ஏற்றம் கொண்ட முனைகள் ஏராளம். அவை ஒன்றையொன்று தள்ளுவதாலும், உள்ளே அடைபட்ட அயனிகள் தண்ணீரை இழுப்பதாலும்தான் ஜெல் விரிகிறது. வெளியே இருக்கும் தண்ணீரிலேயே உப்பு நிறைந்திருந்தால் அந்த இழுவிசை போய்விடும். கால்சியமும் மக்னீசியமும் இன்னும் மோசம்: இரண்டு இழைகளைச் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிடும். ஜெல் இறுகிச் சுருங்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு எந்த நீர்பிடிப் பொருள் பொருந்தும் என்ற கேள்வியை இந்த உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். செடிக்கழிவிலிருந்து மக்கும் ஜெல் செய்வது பற்றி இன்று எழுதப்படுவதில் பெரும்பகுதி ‘எத்தனை மடங்கு’ என்ற ஒற்றை எண்ணைச் சுற்றியே இருக்கிறது. எந்தத் தண்ணீரில், எந்த மண்ணில், எத்தனை நாளுக்கு என்ற மூன்று கேள்விகளும் அதைவிடப் பெரியவை என்பது என் எண்ணம்.

மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 820 மில்லிமீட்டரை ஒட்டியது. பார்த்தால் வறட்சி என்று சொல்லத் தோன்றாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் நெல், மழை ஈரத்தை நம்பியே நிற்கும் முண்டு மிளகாய், பருத்தி, சோளம், குதிரைவாலி, கொத்தமல்லி எல்லாவற்றுக்கும் ஆபத்து இரண்டு மழைக்கு நடுவே வரும் இடைவெளிதான். முதல் மழையில் முளைத்த பயிர் அடுத்த மழை இருபது நாள் தள்ளிப்போனால் கருகும். மிளகாய் நின்று பிடித்துவிட்டால் மாசியிலிருந்து வைகாசி வரை பழம் பறிக்கலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பாசனமில்லாத மானாவாரி நிலம். நீர்பிடி ஜெல்லுக்கு இந்த ஊரில் ஏதாவது வேலை உண்டென்றால் அது அந்த இடைவெளியைக் கடத்திவிடும் வேலைதான்.

இந்தப் பொருளின் வரலாறு செடியில்தான் தொடங்கியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் மிஞ்சிக் கிடந்த மக்காச்சோள மாவுக்குப் புது உபயோகம் தேடியது. மாவுச்சத்தோடு அக்ரிலோநைட்ரைல் என்ற வேதிப்பொருளை ஒட்டவைத்து 1970-களில் அங்கே உருவானது ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’. விதைக்கு மேல்பூச்சாகவும், நாற்றின் வேரை முக்கி நடும் குழம்பாகவும் அதைப் பரிசோதித்தார்கள். பிறகு குழந்தைகளின் டயப்பர் சந்தை பெரிதாக வளர்ந்தது. மாவுச்சத்து ஒதுங்கி, முழுக்கப் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலிஅக்ரிலேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மலிவு, ஒரே சீரான தரம், கெடாத ஆயுள். டயப்பருக்கு இவை நல்ல குணங்கள். வயலுக்கு வந்தபோது அந்தக் கெடாத ஆயுளே குறையானது. ஜெர்மனியில் கார்பனுக்கு அடையாளம் இட்டு மண்ணுக்குள் புதைத்துப் பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாலிஅக்ரிலேட்டின் முதுகெலும்பு ஆறு மாதத்தில் கால் சதவீதத்துக்கும் குறைவாகவே சிதைந்திருந்தது. ஆண்டுதோறும் போட்டுக்கொண்டே போனால் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்று அர்த்தம்.

இந்தியாவில் இந்தத் துறையின் முக்கியமான பெயர் பூசா ஹைட்ரோஜெல். டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. செல்லுலோஸிலிருந்து பெறும் பொருளை அடிப்படையாக வைத்து அதன்மேல் அக்ரிலேட்டை ஒட்டியிருக்கிறார்கள். பாதி செடி, பாதி செயற்கை. நம் நாட்டு வெயிலை மனதில் வைத்து 40, 50 டிகிரி வெப்பத்திலும் நன்றாக உறிஞ்சும்படி செய்தது அதன் சிறப்பு. ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ போதும் என்பது பரிந்துரை. முழுக்கச் செடிக்கழிவை நம்பிய முயற்சிகள் அதற்குப் பிறகு வந்தவை. தென்னாப்பிரிக்காவின் கியாரா நிர்கின் என்ற பதினாறு வயது மாணவி ஆரஞ்சுத் தோலும் வெண்ணெய்ப்பழத் தோலும் கொண்டு செய்த ஜெல்லுக்கு 2016-ல் கூகுள் அறிவியல் விழாவின் முதல் பரிசு கிடைத்தது. ராஜஸ்தான் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த நாராயண் லால் குர்ஜர், பழத்தோல் கழிவிலிருந்து ஜெல் செய்யும் ‘ஈஎஃப் பாலிமர்’ நிறுவனத்தை ஜப்பானின் ஒகினாவாவில் நிறுவி நடத்துகிறார். இத்தாலியின் லெச்சே நகர ஆய்வாளர்கள் செல்லுலோஸ் வகைகளை எலுமிச்சைப் புளிப்பான சிட்ரிக் அமிலத்தால் இணைத்து ஜெல்லாக்கும் முறையை 2008-ல் வெளியிட்டார்கள். விஷமுள்ள இணைப்பிகள் வேண்டாம், மிதமான சூடு போதும், அந்தப் பிணைப்பு மண்ணில் தானாக அவிழவும் செய்யும். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை அது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதைப் போடாமல் ஜெல்லைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைக்கிறேன்.

ஏக்கருக்கு இரண்டு கிலோ ஜெல் போடுகிறோம். தாராளமாக 300 மடங்கு உறிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். இந்த 600 லிட்டரை அதில் பரப்பினால் 0.15 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். வெயில் காயும் நாளில் வளர்ந்த பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரே நாளில் 4 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு 16,000 லிட்டருக்கு மேல் ஆவியாக்கிவிடும். வயல் முழுக்கத் தூவிய ஜெல் ஒரு மணி நேரத் தேவையைக்கூடத் தாங்காது. ‘பாசனம் பாதியாகக் குறையும்’ என்ற விளம்பரத்தை இந்தக் கணக்குக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஜெல் வீணா? இல்லை, இடம் தெரிந்து வைத்தால். இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் மிளகாய் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 15,000 செடி. அதே இரண்டு கிலோவை வேருக்கு நேராக வைத்தால் செடிக்கு 0.13 கிராம், நல்ல தண்ணீரில் 40 மில்லி பிடிக்கும். வளர்ந்த செடிக்கு 40 மில்லி எதற்கும் காணாது. நான்கு இலை விட்ட நாற்றுக்கு அது பெரிய உதவி. வேர் பிடிக்கும்வரை இரண்டொரு நாள் வாடாமல் வைக்கும், ஒவ்வொரு தூறலிலும் மறுபடி நிரம்பிக்கொள்ளும். ஆனால் உவர்த் தண்ணீரில் அதன் கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கையில் நிற்பது 4 மில்லி. இதனால்தான் உப்பைப் பற்றி முதலிலேயே சொன்னேன். மரக்கன்றுக் குழியில் நிலைமை வேறு: குழிக்கு 20 கிராம் போட்டால், 100 மடங்குதான் பிடிக்கிறது என்றாலும் இரண்டு லிட்டர் கிடைக்கும். வாரம் ஒருமுறை குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

புதைத்த ஆழத்தையும் கவனிக்க வேண்டும். மேலே மண்ணின் பாரம் அழுத்தும்போது ஜெல் தம்ளரில் விரிவதுபோல் விரியாது. காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்து வரும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் திறன் குறையும்.

மண்ணுக்கு வருவோம். கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்துக் கரிசல் தானே ஒரு நீர்பிடிப் பொருள். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண் அதில் உண்டு. அங்கே ஜெல் சேர்த்து அடையும் லாபம் குறைவு. ராமேஸ்வரம் தீவு, மண்டபம், உச்சிப்புளிக் கரையோர மணல் நேரெதிர்: பெய்த மழை நின்று கேட்காமல் கீழே இறங்கிவிடும். ஜெல்லுக்கு ஏற்ற மண் இதுதான். ஆனால் இந்த மணலில் சிப்பியும் பவளப்பாறைத் துகளும் கலந்திருக்கின்றன. அதாவது சுண்ணாம்பு, அதாவது கால்சியம். மழைத்தண்ணீரே ஊறினாலும் மண்ணுக்குள் இறங்கும்போது கால்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் ஜெல்லிடம் வந்து சேரும். எங்கே ஜெல் மிகவும் தேவையோ அங்கேதான் அது மிகவும் சுருங்கும் என்ற சிக்கலை இந்தக் கடற்கரைக்கென்றே யாராவது உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருக்கிறது.

கடற்பாசியை எல்லாரும் முதலில் நினைப்பார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி நிலையமும் இருக்கின்றன. பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவை கட்டிக் கப்பாபைகஸ் பாசி வளர்க்கும் பெண்கள் பல ஊர்களில் உண்டு. திருவாடானைப் பக்கம் வலமாவூரில் பல்நோக்குப் பாசிப் பூங்கா வருகிறது. சார்காசம் பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் அருமையான ஜெல். ஆனால் ஆல்ஜினேட் கால்சியத்தைக் கண்டதும் இறுகும் பொருள். மருந்து மாத்திரையிலும் உணவிலும் அதை அதற்காகவே பயன்படுத்துகிறார்கள். சிப்பி மணலில் அது பந்துபந்தாகக் கட்டிக்கொள்ளும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடலில் இயற்கையாக வளரும் பாசியை ஜெல்லுக்காக மேலும் பறிப்பது நியாயமுமில்லை. 1986-லிருந்து அது தேசியப் பூங்கா. வளர்த்த பாசியைப் பிழிந்து திரவ உரம் எடுக்கும் தொழில் ஏற்கெனவே நடக்கிறது. எஞ்சும் சக்கையிலும் கேரஜீனன் என்ற விலையுள்ள பொருள் இருக்கிறது. பாசி ஜெல்லுக்கு இங்கே முதல் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

வைக்கோலும் பருத்தி மாறும் செல்லுலோஸ் நிறைந்தவை. ஆனால் வைக்கோல் மாட்டுக்குப் போகிறது, பருத்தி மாறு அடுப்புக்குப் போகிறது. ‘கழிவு’ என்று ஆய்வேட்டில் எழுதுகிற பொருள் கிராமத்தில் யாரோ ஒருவருடைய தீவனமாகவோ விறகாகவோ இருக்கும். அதோடு, செல்லுலோஸைக் கரையும் பொருளாக மாற்றி ஜெல்லாக்கக் காரச்சோடாவும் மோனோகுளோரோ அசிட்டிக் அமிலமும் வேண்டும். இரண்டாவது தோலில் பட்டாலே ஆபத்து. மகளிர் குழுக் கொட்டகையில் செய்கிற வேலை இல்லை அது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலை உள்ள இடத்தில்தான் நடக்க வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருபவை இரண்டு விதைகள். ஒன்று சீமைக் கருவேலம். கண்மாய், ஊருணி, தரிசு என்று இந்த மாவட்டத்தை மூடி நிற்கும் மரம். அதன் விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குவது பல குடும்பங்களின் பிழைப்பு. அதன் காயை ஆடுகள் தின்னும். விதையைச் செரிக்காமல் போகும் வழியெல்லாம் போட்டு மரத்தைப் பரப்பும். அந்த விதைக்குள் இருக்கும் பசை காலக்டோமன்னன், குவார் எனப்படும் கொத்தவரை விதையில் இருப்பதன் நெருங்கிய உறவு. இன்னொன்று புளியங்கொட்டை, அதன் பருப்பிலுள்ள பசையை நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சி போட நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரண்டு பசைகளின் இழைகளிலும் மின்னேற்றம் கிடையாது. அதனால் இவை 400 மடங்கெல்லாம் உறிஞ்சாது. ஆனால் மின்னேற்றம் இல்லாததாலேயே உப்பும் கால்சியமும் இவற்றை அதிகம் பாதிப்பதில்லை. நல்ல தண்ணீரில் குறைவாகவும், உவர்த் தண்ணீரில் கிட்டத்தட்ட அதே அளவும் பிடிக்கும் ஜெல், நல்ல தண்ணீரில் மட்டும் பிரமாதமாக விரியும் ஜெல்லைவிட மண்டபத்து மணலுக்கு ஏற்றது. போட்டியில் தோற்கிற எண் இது. வயலில் நிற்கிற எண்ணும் இதுதான்.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். சீமைக் கருவேல விதையைச் சதையிலிருந்தும் கடினமான ஓட்டிலிருந்தும் பிரிப்பது பெரும் பாடு. அதற்குள்ளேயே பருப்பையும் பசையையும் தனித்தனியாக அரைத்துச் சலிக்க வேண்டும். இணைப்புப் போடாத வெறும் பசையை மண்ணில் வைத்தால் நுண்ணுயிர்கள் சில வாரத்தில் தின்று முடித்துவிடும். வெங்காரம் போட்டு இணைக்கலாம், ஆனால் அதிலுள்ள போரான் மிஞ்சினால் பயிருக்கு நஞ்சு. சிட்ரிக் அமில முறையை இந்தப் பசைகளுக்கு இங்கேயே வைத்துப் பழக்குவதுதான் வழி.

‘மக்கும்’ என்ற சொல்லுக்கும் கெடு வேண்டும். புரட்டாசியில் வைத்த ஜெல் தைவரை உழைக்க வேண்டும், அடுத்த உழவுக்குள் கரைந்து போக வேண்டும். ஐஎஸ்ஓ 17556 என்ற சர்வதேச சோதனை மண்ணில் ஒரு பொருள் எவ்வளவு கரியமில வாயுவாக மாறுகிறது என்று அளக்கிறது. அதைப் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நடத்துவார்கள். நம் கோடை மணல் அதைவிட எவ்வளவோ சுடும், பல மாதம் எலும்பாய்க் காய்ந்தும் கிடக்கும். சூட்டில் வேகமாக மக்கும், வறட்சியில் மக்காமல் நிற்கும். எது வெல்லும் என்பதை வெளிநாட்டுச் சான்றிதழ் சொல்லாது.

ஜெல்லைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதைவிட மலிவான பழைய பொருள்களை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. கோடையில் கண்மாய்க் கரம்பையை வெட்டி மணற்பாங்கான நிலத்தில் அடிப்பது இந்தச் சீமையின் பழைய வழக்கம். மணலுக்குக் களிமண்ணைச் சேர்ப்பதும் நீர்பிடிப்பைக் கூட்டுவதுதான். அதன் பலன் ஒரு பருவத்தோடு போகாது. கண்மாயும் ஆழமாகும். தென்னை நார்க்கழிவு இன்னொன்று. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துத் தோப்புகளின் மட்டையை அடித்து நார் எடுத்த இடங்களில் பழுப்பு நிறப் பஞ்சுத்தூள் மலையாகக் குவிந்து கிடக்கும். கையில் அள்ளினால் எடையே தெரியாது. நனைத்துப் பிழிந்தால் தண்ணீர் முழங்கைவரை வழியும். தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீர் பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகச் சேர்த்து மக்க வைக்கும் முறையைப் பல காலமாகப் பரிந்துரைக்கிறது. 112-க்கு 1 என்றிருக்கும் கரி–தழைச்சத்து விகிதம் அதில் 24-க்கு 1 ஆக இறங்கும். ஒரே ஒரு டன்னைக் கணக்கில் எடுத்தாலும் 5,000 லிட்டர். இரண்டு கிலோ ஜெல்லின் 600 லிட்டரோடு ஒப்பிடுங்கள். ஆனால் மட்டையைக் காயலில் ஊறப்போட்ட ஊர்களின் கழிவை நல்ல தண்ணீரில் அலசாமல் போடக்கூடாது. உப்பை நாமே வயலில் கொண்டுபோய்க் கொட்டியதாகும். கரிமூட்டத்தில் மிஞ்சும் கரித்தூளை மக்கிய நார்க்கழிவோடும் ஆட்டுப் புழுக்கையோடும் கலந்தால், எளிதில் மக்காத, துளைகள் நிறைந்த கரியும் மண்ணில் சேரும்.

ஆகவே வயல் முழுவதற்கும் கரம்பை, மக்கிய நார்க்கழிவு, கரித்தூள். நாற்றின் வேருக்கும் மரக்கன்றுக் குழிக்கும் விதைப் பூச்சுக்கும் மட்டும் மக்கும் ஜெல் என்று வேலையைப் பிரித்துக்கொடுப்பேன். வட்டிக்கு வாங்கி விதை வாங்கும் விவசாயி, மழை பொய்த்தால் திரும்பி வராத காசை முழு ஏக்கருக்கும் ஜெல்லாகத் தூவ வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நாற்றங்கால் அளவில் தொடங்கினால் செலவும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும், பலனும் கண்ணுக்குத் தெரியும்.

இதை உறுதி செய்ய வேண்டிய சோதனை பெரிய செலவு பிடிப்பதல்ல. மண்டபத்து மணலிலும், திருவாடானைப் பக்கத்து நெல் வயலிலும், கமுதிக் கரிசலிலும் ஒரே மிளகாய் ரகத்தை நட வேண்டும். ஒரு பாத்தியில் ஒன்றும் போடாமல், ஒன்றில் கடை ஜெல், ஒன்றில் புளியங்கொட்டைப் பசை ஜெல், ஒன்றில் சீமைக் கருவேல விதை ஜெல், ஒன்றில் அலசி மக்கவைத்த நார்க்கழிவு. விரிவை வடிநீரில் அளக்காமல் அந்தந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் அளக்க வேண்டும். முதல் இடைவெளி முடிந்த மறுநாள் உயிரோடு நிற்கும் நாற்றுகளை எண்ண வேண்டும், அறுவடைக்குப் பின் மண்ணைச் சலித்து எஞ்சிய ஜெல்லை எடை போட வேண்டும். குறைந்தது மூன்று ஐப்பசி தொடர்ந்து நடத்த வேண்டும், ஏனென்றால் இங்கே ஓர் ஆண்டு மழை அடுத்த ஆண்டுக்குச் சாட்சி சொல்லாது. எல்லாப் பாத்தியின் கணக்கும், தோற்ற பாத்தி உட்பட, அந்தந்த ஊர் வேளாண் விரிவாக்க மையத்தின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.